ஸ்டெபிலைசர் போடும் 'டக்'

திருவண்ணாமலை வீட்டுக் கூடத்தில் மாலை விளக்குகள் எரியத் தொடங்கி மின்னழுத்தம் தளர்ந்தால், ஸ்டெபிலைசர் 'டக்'கென்று ஒரு சத்தம் போடும். கறாரான, அழகான சத்தம். உடனே ஆம்ப்ளிஃபயருக்கு மூச்சு சீராகும். அதன் டிரான்ஸ்ஃபார்மரிடம் காதை வைத்தால் மெல்லிய ரீங்காரம்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மர் முனகுவதோ 100-இல். பாட்டு தொடங்கியதும் அது மறைந்துவிடுகிறது.

சித்திரை வெயிலில் மலைப்பாறை இரவிலும் சூட்டை விடாது. டேப்ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட் இளகி, இளையராஜாவின் 'ரமண மாலை' கேசட்கூடக் கொஞ்சம் இழுத்துத்தான் பாடும். கார்த்திகை மழையிலோ ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஈரம் குடித்துக் கனக்கும். விலையுயர்ந்த ஒயர்கள் இதற்கு உதவுவதில்லை (விற்பவர்கள் கோபிக்கலாம்). கைப்பழக்கம் உள்ளவர்கள் பெட்டியை ஓதமடிக்கும் சுவரிலிருந்து தள்ளி வைக்கிறார்கள்; பூஞ்சை பிடிக்காதிருக்க, கேசட்டுகளை அவ்வப்போது ஓட்டிப் பார்க்கிறார்கள்.