தெருப் புகைப்படக் கண்காட்சியும் தொகுப்பாளர் உலாவும்

பொது இடங்களில், முன்னேற்பாடு இல்லாமல், மக்களையும் அன்றாட நிகழ்வுகளையும் பதிவு செய்வது தெருப் புகைப்படக் கலை ஆகும். இத்தகைய படங்களின் கண்காட்சியில், படங்களைத் தேர்ந்து வரிசைப்படுத்திய தொகுப்பாளரே (கியூரேட்டர்) பார்வையாளர்களை அழைத்துச் சென்று விளக்குவது தொகுப்பாளர் உலா எனப்படுகிறது. உலாவில் படம் எடுத்தவரைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. படத்தில் இருப்பவரைப் பற்றிய பேச்சு குறைவு. இதுவே அதன் முதன்மைக் குறை.

பயன்

உலாவினால் பயன் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு படத்தை அடுத்து இன்னொரு படம் ஏன் மாட்டப்பட்டுள்ளது என்பதைத் தொகுப்பாளரே தெளிவாகச் சொல்ல முடியும். ஒளி, சட்டகம், காத்திருப்பு ஆகியவற்றை மாணவர்கள் படத்தின் முன்னே நின்று கற்கலாம். புகைப்பட வரலாறும் எளிதில் விளங்கும்.

குறை

தெருப் புகைப்படம் பற்றிய விளக்கங்களில் பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரேசோனின் பெயர் தவறாமல் வரும். 1952-இல் வெளியான அவரது நூலின் ஆங்கிலத் தலைப்பு ‘தீர்மானமான கணம்’ என்ற பொருளுடையது. பிரெஞ்சுத் தலைப்போ, அவசரமாக, யாரும் அறியாமல் எடுத்த படங்கள் என்னும் பொருளைத் தருகிறது. முதல் தலைப்பு எடுத்தவரின் திறமையைப் போற்றுகிறது. இரண்டாவது, எடுக்கப்பட்டவர் அதை அறியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறது. உலாக்களில் முதல் தலைப்பே பெரிதும் ஒலிக்கிறது.

படத்தோடு ஒட்டிக்கொள்ளும் சொல் எவ்வளவு வலியது என்பதை இந்திய வரலாறு காட்டும். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் ஆங்கிலேய அரசின் நூல், மனிதர்களின் படங்களுக்குக் கீழே சாதி, இனம், குணம் என்று எழுதிவைத்தது. படத்தில் இருந்தவர்கள் எதையும் மறுத்துப் பேச முடியவில்லை.

இந்தப் பார்வையைக் கேள்விக்கு உட்படுத்தியவர் பெங்களூருக் கலைஞர் புஷ்பமாலா. கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கிய ‘தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்’ வரிசையில், அத்தகைய காலனியப் படங்களைத் தாமே வேடமிட்டு மீண்டும் நடித்துக் காட்டினார். 2019-இல் சென்னை புகைப்பட பினாலேவின் இரண்டாம் பதிப்பைத் தொகுத்தவரும் அவரே. சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபம் அதன் காட்சியிடங்களுள் ஒன்று. ‘யார் யாரைப் பார்க்கிறார்?’ என்று கேட்கத் தெரிந்த ஒருவர் தொகுப்பாளராவது நல்ல முன்மாதிரி.

வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் வேறொரு வழியைக் காட்டினார். ஊரடங்குக் காலத்தில் அவர் தம் சொந்தக் குடும்பத்தையே படமெடுத்தார். அங்கே எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள்.

மாணவர்களுக்கு

பெரம்பலூர், அரியலூர் மாணவர்களின் கையிலும் இன்று கைப்பேசிக் கேமரா உண்டு. செட்டிக்குளம் பகுதியில் சின்ன வெங்காயப் பட்டறை அருகே வெங்காயம் தரம் பிரிக்கும் ஒரு பெண்ணை ஒரு மாணவர் படமெடுப்பதாகக் கொள்வோம். அப்படத்தின் முன் நின்று ‘கிராமத்து உழைப்பின் அழகு’ என்றோ ‘வறுமையின் முகம்’ என்றோ சொல்லிவிட்டு நகர்வது எளிது. அவருடைய கூலி எவ்வளவு, அந்த வெங்காயம் யாருடையது, படம் எடுக்கப்பட்டது அவருக்குத் தெரியுமா என்று கேட்பது கடினம். அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரியின் புழுதிக்குள் சைக்கிள் மிதிக்கும் பள்ளிப் பிள்ளையின் படத்துக்கும் இது பொருந்தும். அந்தப் புழுதி பார்ப்பவருக்கு அழகிய மூடுபனி, பிள்ளைக்கு இருமல்.

முடிவு

நல்ல தொகுப்பாளர் உலா மூன்றைச் செய்ய வேண்டும். படம் எங்கே, எப்போது, யாருடைய இசைவோடு எடுக்கப்பட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும். இசைவு பெறப்படவில்லை என்றால் அதையும் மறைக்கக் கூடாது. பிறகு, விளக்கம் தொடங்கும் முன் ஒரு நிமிடமாவது பார்வையாளரைத் தாமாகப் பார்க்க விட வேண்டும். படத்தில் இருப்பவர் அதே உலாவில் நடந்து வந்தால், அவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய சொற்களை மட்டுமே பேச வேண்டும். கடைசி விதியைக் கடைப்பிடித்தாலே பல விளக்கங்கள் பாதியாகக் குறைந்துவிடும்.