படைப்பு உண்டு, குழு இல்லை: தமிழ்நாட்டில் வட்டாரச் சேர்ந்திசை நிறுவனத்தின் இன்மை குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் சிம்பொனி பற்றிய பேச்சு பெரும்பாலும் படைப்பாளியின் மேதைமையைச் சுற்றியே அமைகிறது. படைப்பை ஒலியாக்கும் குழு, அதன் ஊதியம், பயிற்சி, பயணம் ஆகியவை அப்பேச்சில் இடம்பெறுவது அரிது. தொழில்முறைச் சேர்ந்திசைக் குழு என்பதை ஒரு சமூக நிறுவனமாகக் கொண்டு, சென்னைத் திரையிசைக் கலைஞர்களின் வரலாற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி போன்ற மலையூரை அம்மதிப்பீட்டின் அளவுகோலாக முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: சேர்ந்திசை, சிம்பொனி, திரையிசைக் கலைஞர், வட்டாரப் பண்பாடு, சித்தேரி.

முன்னுரை

இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டன் எவென்டிம் அப்பல்லோ அரங்கில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவால் இசைக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 2005-இல் வெளிவந்த அவருடைய திருவாசக இசைப்படைப்பிலும் புடாபெஸ்ட் இசைக்குழு பங்கேற்றது. இவ்விரு நிகழ்வுகளும் தமிழரின் பெருமிதத்துக்கு உரியவை. எனினும், அவை ஒரு வினாவையும் எழுப்புகின்றன. சிம்பொனி எழுதவல்ல படைப்பாளியை உருவாக்கிய ஒரு மாநிலம், அதை வாசிக்கும் நிலையான குழு ஒன்றை ஏன் உருவாக்கவில்லை? இதைத் திறமைக் குறைவு என்று விளக்க இயலாது. நிறுவனக் குறைவு என்றே விளக்க இயலும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

இரு நகரங்கள், ஓர் ஆண்டு

1893-ஆம் ஆண்டு இவ்வகையில் ஒப்பிடத்தக்கது. அவ்வாண்டில் இங்கிலாந்தின் கடற்கரை நகரமான போர்ன்மவுத்தில் டான் காட்ஃப்ரே தலைமையில் நகராட்சியின் ஆதரவோடு ஓர் இசைக்குழு தோன்றியது. அதே ஆண்டில் சென்னையில் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் தொடங்கப்பட்டது. முன்னது ஊதியம் பெறும் கலைஞர்களின் நிலையான குழுவாக வளர்ந்து, இன்று தென்மேற்கு இங்கிலாந்தின் பல ஊர்களுக்கும் சென்று இசைக்கிறது. பின்னது ஆர்வலர்களின் சேர்ந்திசைப் பாடற்குழுவாக நிலைத்தது. ஆர்வம் இரண்டுக்கும் பொது. கலைஞருக்கு வாழ்வூதியம் தரும் பொறுப்பை ஓர் ஊராட்சி அமைப்பு ஏற்றதா இல்லையா என்பதே வேறுபாடு. வட்டார இசைக்குழு என்னும் தொடரில் ‘வட்டாரம்’ என்பது குழு அமர்ந்திருக்கும் நகரத்தை மட்டும் குறிப்பதன்று. அக்குழு கடமைப்பட்டுள்ள நிலப்பரப்பையும் குறிப்பதாகும்.

பெயரிடப்படாத குழு

தமிழ்நாட்டில் தொழில்முறைச் சேர்ந்திசையே இருந்ததில்லை என்று கூறுவது பிழை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் வட்டாரத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின், செல்லோ, குழல் கலைஞர்கள் நாள்தோறும் கூடி, தாளில் எழுதப்பட்ட இசைக்குறிப்புகளைப் பார்த்து வாசித்தனர். அவர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் மேலையிசை இலக்கணம் கற்பித்தவர்களுள் தன்ராஜ் மாஸ்டர் குறிப்பிடத்தக்கவர். 1986-இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பில் தனி வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் பின்னர் மெட்ராஸ் நால்வர் நரம்பிசைக் குழுவை அமைத்தார். வாசிப்புத் திறன், இசைக்குறிப்பு அறிவு, கூட்டொழுங்கு ஆகிய மூன்றும் சென்னையில் இருந்தன என்பதற்கு இவை சான்றுகள்.

இல்லாதது ஒன்றே. அக்குழு தனக்கெனப் பெயரோ, அரங்கமோ, நிகழ்ச்சி நிரலோ கொண்டிருக்கவில்லை. கால்ஷீட் கணக்கில் அழைக்கப்பட்டபோது அது குழுவாக இருந்தது. ஒலிப்பதிவு முடிந்ததும் கலைந்தது. இந்நிலையின் நொய்மையை முன்பே உணர்ந்தவர் எம்.பி. சீனிவாசன். திரையிசைக் கலைஞர்களின் தொழிற்சங்கத்தை உருவாக்கியவரும் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நிறுவியவரும் அவரே. ஊதிய உரிமையையும் கூட்டாகப் பாடுதலையும் ஒரே வாழ்வில் அவர் இணைத்தது தற்செயலானதன்று. 1990-களில் சின்தசைசரும் கணினி ஒலிப்பதிவும் பரவியபோது நரம்பிசைக் கலைஞர்களுக்கான அழைப்புகள் குறைந்தன. சங்கம் கூலியைக் காக்க முனைந்தது. ஆனால், குழுவைக் காக்கும் நிறுவனம் எதுவும் இல்லை. அவர்கள் வாசித்த பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன; பெரும்பாலான இசைத்தட்டு உறைகளில் அவர்களின் பெயர்கள் இல்லை.

பயிற்சியும் பணியும்

இக்குறையை நிரப்ப எழுந்த முயற்சிகள் ஒவ்வொன்றும் ஒரு பகுதியையே நிரப்பின. அகில இந்திய வானொலி 1952-இல் தில்லியில் ரவிசங்கர், டி.கே. ஜெயராம ஐயர் ஆகியோரைக் கொண்டு வாத்திய விருந்தா குழுவை அமைத்தது. கலைஞருக்கு மாத ஊதியம் என்னும் கொள்கை அதில் இருந்தது. ஊர்தோறும் சென்று கேட்போரை நேரில் காணும் நோக்கம் அதற்கு முதன்மையாக இல்லை. 2006-இல் மும்பையில் தொடங்கப்பட்ட சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா முழுமையான நிறுவனமாக வளர்ந்தது. ஆயினும், தன் கலைஞர்களுள் பலரை வெளிநாடுகளிலிருந்து அழைத்தே பருவந்தோறும் இயங்குகிறது. 2008-இல் ஏ.ஆர். ரகுமான் சென்னையில் நிறுவிய கே.எம். இசைக் கல்லூரி, வறிய குடும்பத்துச் சிறார்க்குக் கட்டணமின்றிக் கருவியிசை பயிற்றும் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிறது. இங்குப் பயிற்சி உண்டு. பயின்றவர் ஆயுள் முழுவதும் அமரக்கூடிய நாற்காலி மாநிலத்தில் இல்லை.

சித்தேரி என்னும் அளவுகோல்

மலையாளிப் பழங்குடியினர் வாழும் சித்தேரி மலையூர்களை வைத்து இவ்வினாவை நோக்கினால் அதன் எல்லை விரிகிறது. கோடம்பாக்கத்தின் நரம்பிசை இத்தகைய மலையூர்களையும் வானொலி, ஒலிபெருக்கி வழியே எட்டியது. இசைத்தவர் எட்டவில்லை. மலையூர்ச் சிறுவர் அக்குழுவில் சேரும் வழியும் திறக்கவில்லை. ஒலி சென்ற தொலைவை நிறுவனம் செல்லவில்லை.

இதற்கு எதிரான ஒரு காட்சியைச் சங்க இலக்கியம் தருகிறது. கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம், கலைஞர் சுமந்து செல்லும் கருவிகளின் நீண்ட வரிசையோடு தொடங்குகிறது. அப்பல்லியம் மலைவழியே நடக்கிறது. வழியிலுள்ள சிற்றூர்கள் அக்கலைஞர்க்கு உணவளித்துத் தங்க வைக்கின்றன. நன்னனின் செங்கண்மா எனக் கருதப்படும் செங்கம், அரூருக்கு வடகிழக்கே அமைந்தது. ஆகவே, பயணப்படும் குழுவும் அதைப் புரக்கும் ஊர்களும் இந்நிலப்பரப்பின் இலக்கிய நினைவுக்கு அயலானவை அல்ல.

நாதசுரம், தவில், பம்பை, பறை ஆகியவற்றை நம்பி வாழ்வோர் வறுமையில் இருக்க, மேலை இசைக்கருவிகளுக்குப் பொதுப்பணம் எதற்கு என்னும் மறுப்பு வலுவானது. இரவல் பெற வேண்டியது செல்லோவை மட்டும் எனக் கொண்டால் அம்மறுப்பே வெல்லும். மாத ஊதியம், ஒத்திகை நேரம், ஓய்வூதியம், பயணக் கடமை என்னும் நிறுவன வடிவமே இரவல் பெறத்தக்கது எனின், அது தவில் கலைஞருக்கும் வயலின் கலைஞருக்கும் ஒருசேரப் பயன்படும். மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றைக் கற்பிக்கின்றன. அவற்றில் பயின்றோர் அமரும் இடமாக வட்டாரக் குழு அமையும்போது, அப்பயிற்சி தொழிலாகக் கனியும்.

முடிவுரை

படைப்பாளியைப் போற்றும் திறனாய்வு, வாசிப்போரின் நிலையைக் காணாது விடுமாயின் பாதி உண்மையையே கூறும். சென்னைத் திரையிசைக் குழு கலைந்தது திறமை வற்றியதால் அன்று. திரைப்படம் என்னும் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்ததால் ஆகும். எஞ்சியுள்ள மூத்த கலைஞர்களின் வாய்மொழி வரலாறுகளும் கையெழுத்து இசைக்குறிப்புகளும் தொகுக்கப்படுதல் தமிழ் இசையாய்வின் உடனடிப் பணி. குழுவொன்று அமையுங்கால், தலைநகர அரங்கில் பெற்ற கைதட்டல் அதன் மதிப்பை முழுமையாகக் காட்டாது. சித்தேரிப் பள்ளி வளாகத்தில் அது எத்தனை முறை வாசித்தது, அங்கிருந்து எத்தனை பேரைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது என்பனவற்றைக் கொண்டே அதை மதிப்பிடல் வேண்டும்.