யாருடைய சாட்சி? அகதிகள் பற்றிய சபை எழுத்துகளை முன்வைத்து

நம் சபைகளில் அகதி முகாம்களைப் பற்றி எழுதப்படும் சாட்சிகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. மிஷன் பத்திரிகை, கிறிஸ்துமஸ் மலர், ஆண்டறிக்கை எதைப் புரட்டினாலும் அதுதான். ஜெபம் பண்ணி வேன் கிளம்பும். முகாம் வாசலில் குழந்தைகள் ஓடி வரும். போர்வை, புடவை, நோட்டுப் புத்தகம். ஒரு கிழவி கண்ணீர் விடுவாள். திரும்பி வருகிறவருக்கு மனசு நிறைந்திருக்கும். கிழவிக்குப் பெயர் இருக்காது. எந்த ஊர்க்காரி, எந்தத் தோட்டத்துக்காரி, புடவையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் மகளிடம் என்ன சொன்னாள், ஒன்றும் இருக்காது. இதற்கு வைக்கிற பெயர் 'அகதிக் குடும்பங்களோடு சிநேகம்'.

சிநேகம் என்கிற சொல்லை இவ்வளவு மலிவாக விட முடியாது தோழர்களே. 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா, வெள்ளைக்கார மிஷனரிகள் முன்னால் நின்று கேட்டதே அதைத்தான். நீங்கள் பொருளும் கொடுத்தீர்கள், உழைப்பும் கொடுத்தீர்கள், சிநேகிதம் மட்டும் கொடுக்கவில்லை என்பது அவர் பேச்சின் சாரம். கேட்டவர் வாங்குகிற பக்கத்தில் நின்றவர். கொடுக்கிறவர் வாயிலிருந்து அதே சொல் வரும்போது பொருள் மாறிவிடுகிறது. 'நாங்க சிநேகமா இருக்கோம்'னு முதலாளி சொல்றதும் கூலிக்காரன் சொல்றதும் ஒண்ணா?

முகாம்களில் நடந்த வேலையை நான் மறுக்கவில்லை. 1983 கலவரத்துக்குப் பின் படகுகளில் வந்து இறங்கியவர்களுக்காக சா.செ. சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளே அகதிகளுக்காக நடத்திய அமைப்பு. வியட்நாம் படகு மக்களின் கதியைப் பார்த்து 1980-இல் பெத்ரோ அருப்பே தொடங்கிய சேசு சபையினரின் அகதிகள் பணியும் முகாம் பிள்ளைகளின் படிப்புக்காக உழைத்திருக்கிறது. வேலை வேறு, வேலையைப் பற்றிய எழுத்து வேறு. நான் பேசுவது எழுத்தைப் பற்றி.

இந்த எழுத்து அகதியை எப்போதும் 'புது நாட்டுக்கு வந்தவர்' என்றே சொல்கிறது. வேதாகமத் தமிழில் அந்நியர், பரதேசி. (பரதேசி என்பது நம்ம ராயபுரத்தில் வசவு. பிரசங்கியாருக்கு அது தெரியும்.) கும்மிடிப்பூண்டியிலும் புழல் காவாங்கரையிலும் மற்ற முகாம்களிலும் இருக்கிறவர்களில் கணிசமானோர் மலையகத்துக்காரர்கள். இவர்களின் பாட்டன் பூட்டன் பஞ்சத்துக்கும் பண்ணையார் கொடுமைக்கும் தப்பி, கங்காணி பின்னால் தேயிலைக்கும் காப்பிக்கும் போனவர்கள். பெரும் பங்கினர் பறையர், பள்ளர், சக்கிலியர். 1948-இல் இலங்கை அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆடுமாடு போலப் பங்கு பிரித்தார்கள். மிச்சம் விட்ட 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதி. கலவரத்தில் அடிபட்டுத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு ஓடி, அங்கிருந்து படகேறி இங்கே வந்தவர்கள் பலர்.

இவர்களுக்கு இது புது நாடா? எந்தச் சேரியிலிருந்து பூட்டன் கிளம்பினானோ அந்தத் திருச்சி, சேலம், புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே பேரப்பிள்ளை 'இலங்கைக்காரன்' என்ற பேரோடு அடைபட்டிருக்கிறான். இப்படிப்பட்ட இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. அது 2019 ஜூனில். அதே டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறியது.

இதில் ஒரு வரியாவது சபை மலர்களில் வருகிறதா என்றால், வராது. பூட்டன் ஏன் ஊரை விட்டுப் போனான் என்று எழுதினால் சாதியை எழுதியாக வேண்டும். திருச்சி மேலப்புதூரில் பிணங்களுக்கு நடுவிலேயே சுவர் எழுப்பிய கிறிஸ்தவம் நம்முடையது. மதம் மாறிய தலித்துக்குப் பட்டியல் உரிமை கிடையாது என்ற 1950 ஆணையோடு இன்றும் மல்லுக்கட்டுகிற சபையும் இதுதான். அரசாங்கத்திடம் சாதியைச் சொல்லி உரிமை கேட்கிறோம், முகாமுக்குள் போனால் மட்டும் 'கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று' என்கிறோம். பாமா 1992-இல் 'கருக்கு' எழுதியபோது மடத்துக்குள் இருந்த சாதி வெளியே தெரிந்தது. முகாமுக்குப் போகிற வேனுக்குள் இருக்கிற சாதியை எழுத இன்னும் ஆள் வரவில்லை.

எங்க பக்கத்துச் சபை ஒன்று, பெயர் வேண்டாம், ஒரு வருஷம் முகாமுக்குப் போயிருந்தது. அங்கே நாலைந்து பெண்கள் சேர்ந்து ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் இடித்து வைத்திருந்தார்கள், வந்தவங்க சாப்பிட்டுத்தான் போகணும்னு. வேனுக்கு நேரமாச்சு என்று போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மலரில் போர்வைக் கணக்கு வந்தது. ரொட்டி வரவில்லை. பரட்டை என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, மதுரை இறையியல் கல்லூரியில் 'ஒரு உலை' என்று சொல்லிச் சொல்லிப் பாடினார், சமைத்தார், எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தார். சேரிக்காரன் கையால் சாப்பிடுவதில்தான் நற்கருணை சோதிக்கப்படுகிறது என்பது அவர் இறையியல். அந்தச் சம்பலைத் தொடாமல் வந்தவர்கள் என்ன சிநேகம் பண்ணினார்கள்?

இதற்கு எதிரே வைத்து வாசிக்க வேண்டியது தொ. பத்திநாதனின் 'போரின் மறுபக்கம்' (2007). 1990-இல் சிறுவனாக வந்து முகாமிலேயே வளர்ந்தவர் தன் கதையைத் தானே எழுதியது. முகாம் வாழ்வின் அவமானங்களை அவர் யாருடைய இரக்கத்துக்காகவும் இழைத்து எழுதவில்லை. மொழி சில இடங்களில் தடுக்குகிறது, பதிப்பில் இன்னும் செம்மை செய்திருக்கலாம். ஆனாலும் அதில் அகதி கோபப்படுகிறான், சந்தேகப்படுகிறான், கொடுக்கிறவனை எடை போடுகிறான். வேன் சாட்சிகளில் இந்த மூன்றும் அவனுக்குக் கிடையாது.

நம் வடசென்னையில் வேறு மாதிரி உறவும் இருக்கிறது. யாரும் அதை ஊழியம் என்று சொல்வதில்லை. கும்மிடிப்பூண்டி லோக்கலில் காலையில் பெயிண்ட் டப்பாவோடு ஏறுகிற முகாம் பையன்களும், எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஏறுகிற நம்ம பையன்களும் ஒரே மேஸ்திரியிடம் வேலை பார்க்கிறார்கள். மதியம் டிபன் பாக்ஸ் மாறுகிறது. பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு 1960-களில் வந்தவர்களின் பிள்ளைகள் எர்ணாவூர் பர்மா நகரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அகதி என்றால் என்னவென்று பிரசங்கம் பண்ண வேண்டியதில்லை. கூவம் ஓரத்திலிருந்து பிடுங்கி ஊருக்கு வெளியே எறியப்பட்டவர்களுக்கும் அப்படித்தான். இந்தச் சிநேகத்துக்குச் சாட்சி எழுத ஆளில்லை.

1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சொல்லி 2022-இல் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். செய்தித்தாள்களில் வந்தது. எந்தக் கிறிஸ்துமஸ் மலரிலும் நான் பார்க்கவில்லை. வருகிற மலரில் நாலு பக்கத்தை முகாம் பெண்களிடம் கொடுத்து, வேனில் வந்து போகிற நம்மைப் பற்றி எழுதச் சொல்லலாம். எழுதி வந்ததில் ஒரு வரியும் வெட்டக் கூடாது.