கடைசி இருபது அடி

பெலகொண்டப்பள்ளி ஓடுபாதையைக் கிழக்கிலிருந்து நெருங்குவது தனிச் சுகம். ஓசூரிலிருந்து தளி போகும் சாலையில், மத்திகிரியைக் கடந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது அது. தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் சொந்த ஓடுபாதை. நீளம் 7,000 அடி, அகலம் 150 அடி. கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில், கிழக்கு மேற்காக ஒரே நேர்கோடாகக் கிடக்கிறது. பயணச்சீட்டு வாங்கி வந்திறங்கும் நிலையம் இல்லை என்பதால், நம்மில் பெரும்பாலோருக்கு இதன்மேல் இறங்கும் வாய்ப்பு கணினிச் சிமுலேட்டரில்தான். அந்த வாய்ப்புக்குள் எத்தனை நயங்கள் பொதிந்திருக்கின்றன என்பதை, ஒரு சின்னஞ்சிறு செஸ்னா 172-இல் அமர்ந்து, அவசரமே இல்லாமல் பார்த்து வரலாம் வாருங்கள்.

காலை வேளையைத் தேர்ந்துகொள்வோம். மேற்கு நோக்கி இறங்கும்போது சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். இளவெயில் நமக்கு முன்னால் ஓடிப்போய் ஓடுபாதையின் மேல் விழுந்து கிடக்கும். ஆனி, ஆடி மாதங்களில் இந்த மேட்டுநிலத்துக் காற்று மேற்கிலிருந்து வரும். காற்றை எதிர்த்து இறங்குவதே விமானத்துக்கு இதம் என்பதால் நம் திசையும் அதுவே. வலப்புறம் மத்திகிரி. 1824-இல் தொடங்கி, ஒரு காலத்தில் படைக்குக் குதிரை வளர்த்த கால்நடைப் பண்ணையின் அகன்ற பசும்பரப்பு அங்கே விரிகிறது. அதற்கு வடக்கே ஓசூரின் ஆலைக் கூரைகள் மினுங்குகின்றன. நேர் எதிரே, தொலைவில், மெல்லிய சாம்பல்நிறக் கீற்று ஒன்று தெரிகிறதே, அதுதான் நமக்கு வேண்டியது.

அந்தக் கீற்றை முதலில் கண் குளிரப் பாருங்கள். கிட்டப் போகப் போக அது ஒரு வடிவம் எடுக்கும்: அடி அகன்று, நுனி குறுகி, வானத்தை நோக்கிச் சாய்த்து வைத்த பலகை போல. நாம் உயர்ந்து வந்தால் அந்த வடிவம் நீண்டு நிமிரும். தாழ்ந்து வந்தால் தட்டையாகி ஒடுங்கும். அளவுகருவிகள் சொல்லும் முன்பே ஓடுபாதை தன் உருவத்தால் நம் உயரத்தைச் சொல்லிவிடுகிறது. பழகிய கண்ணுக்குச் சரியான உயரத்தில் தெரியும் ஓடுபாதையின் உருவம் ஒரு முகம் போல மனத்தில் பதிந்துவிடும். முகம் கொஞ்சம் வாடினால்கூடக் கண்டுகொள்ளலாம்.

அதே ஓடுபாதையில் இன்னொரு அதிசயம் ஒளிந்திருக்கிறது. விமானம் முன்னேறும்போது திரையில் உள்ள எல்லாப் புள்ளிகளும் நகர்கின்றன: மரங்கள் கீழே வழுக்குகின்றன, வயல்கள் இருபக்கமும் விலகிப் பாய்கின்றன, தொடுவானத்தை ஒட்டியவை மேலே ஏறுகின்றன. ஒரே ஒரு புள்ளி மட்டும் அசையாமல் நிற்கிறது. நாம் போய்ச் சேரவிருக்கும் இடம் அது. ஜேம்ஸ் கிப்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானிகளின் பார்வையை ஆராய்ந்து, 1950-இல் வெளியிட்ட தம் நூலில் காட்சியின் இந்தப் பாய்ச்சலை அழகாக விளக்கினார். தட்டையான திரையில் ஆழம் தெரியாது என்று குறை சொல்வோர் உண்டு. ஆனால் இந்தப் பாய்ச்சலுக்கு ஆழம் தேவையில்லை; நகரும் ஓவியம் ஒன்று போதும். ஓடுபாதையின் தொடக்கத்தில் தீட்டிய வெண்கோடுகளுக்குச் சற்று அப்பால் அசையாப் புள்ளியை நிறுத்தி வைத்துக்கொண்டு, உலகம் முழுவதும் அதிலிருந்து மலர்ந்து விரிவதைப் பாருங்கள். கண்ணுக்கு இதைவிட நல்ல விருந்து கிடைப்பது அரிது.

விரிந்துவரும் அந்தக் காட்சியை நோக்கி நாம் சரிந்து செல்லும் கோணம் மூன்று பாகை. எவ்வளவு நாகரிகமான சரிவு! ஒரு கடல் மைல் முன்னேறும்போது 300 அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக மட்டுமே இறங்குகிறோம். கணக்கும் கைக்கு அடக்கம்: தரை வேகத்தை நாட் கணக்கில் (மணிக்கு எத்தனை கடல் மைல் என்று) எடுத்து ஐந்தால் பெருக்கினால், நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பது வந்துவிடும். செஸ்னாவின் 65 நாட் வேகத்துக்கு 325 அடி. இங்கே மேட்டுநிலம் தன் சிறு குறும்பைச் செய்கிறது. 3,000 அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், வேகமானி 65 காட்டும்போது விமானம் உண்மையில் ஏறக்குறைய 69 நாட் வேகத்தில் காற்றைக் கிழித்துப் போகிறது. ஊசி அதே இடத்தில் நிற்கிறது. நிலம் மட்டும் கொஞ்சம் விரைவாக ஓடுகிறது. சென்னை மீனம்பாக்கத்தின் கடல்மட்டக் காற்றில் பழகிய கண்ணுக்குப் பெலகொண்டப்பள்ளியின் இந்தச் சுறுசுறுப்பு புதிதாகவும் இனிதாகவும் படும்.

இப்போது ஓடுபாதையின் முனை காலடியில் நழுவுகிறது. உயரம் இருபது அடி. இதே தளத்தில் ஏர்வொர்க்ஸ் நிறுவனத்தின் பராமரிப்புக்கூடத்துக்குக் கடற்படையின் பி-8ஐ விமானங்கள் வருவதுண்டு. போயிங் 737-இன் வழிவந்த பெரிய பறவைகள் அவை. 737-இல் இந்த நேரத்துக்கு ஓர் இயந்திரக் குரல் ஐம்பது, நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று உயரத்தை எண்ணிச் சொல்லும். நம் செஸ்னாவில் அந்தக் குரல் கிடையாது. எண்ணிக்கையைக் கண்ணே செய்ய வேண்டும். த்ராட்டிலை மெல்லப் பின்னுக்கு இழுங்கள். எஞ்சின் முணுமுணுப்பாகத் தணியட்டும். பார்வையை அருகிலுள்ள தரையிலிருந்து எடுத்து ஓடுபாதையின் மறுகோடிக்கு அனுப்புங்கள். ஜாய்ஸ்டிக்கை நம் பக்கம் இழுக்கும் அந்த நுண்ணிய அசைவில் விமானத்தின் மூக்கு நிமிரும்; சரிவு தட்டையாகும். விமானிகள் இதை ஃபிளேர் என்பார்கள். கலையின் உயிர்நாடி இங்கேதான் துடிக்கிறது.

ஏனென்றால் இந்தக் கணத்துக்குப் பிறகு விமானி விமானத்தை இறக்க முயல்வதே இல்லை. இறங்க விடாமல் தாங்கிப் பிடிக்கிறார். வேகம் குறையக் குறைய விமானம் தரையைத் தேடும். கை இன்னும் கொஞ்சம் இழுத்து, பொறு என்கிறது. மறுபடியும் தேடும், மறுபடியும் ஒரு நூலளவு இழுப்பு. இழுத்ததைத் திருப்பித் தருவதில்லை, அவசரப்பட்டுக் கூட்டுவதுமில்லை. இறக்கையில் தாங்கும் திறன் தீரும் கணமும் சக்கரம் தரையைத் தொடும் கணமும் ஒன்றாகும்போது, இறங்கியதே தெரியாமல் இறங்கியிருப்போம். மென்மையான தரையிறக்கம் முழுவதும் இந்த மறுப்பின் அழகுதான்.

மறுப்புக்குத் தரையும் துணை நிற்கிறது என்பதுதான் எத்தனை இனிமை! தரைக்கு மேல், இறக்கையின் முனைக்கு முனை நீளத்தளவு உயரத்துக்குள் வந்ததும், இறக்கை நுனிகளில் சுழன்று கீழிறங்கும் காற்றைத் தரை தடுக்கிறது. செஸ்னாவுக்கு அந்த நீளம் 36 அடி. தரையை நெருங்க நெருங்க, தூக்குவிசையின் விளைவாக வரும் இழுவை குறைந்துகொண்டே வரும். விமானம் கண்ணுக்குத் தெரியாத மெத்தை ஒன்றின் மேல் மிதக்கத் தொடங்குகிறது. நல்ல சிமுலேட்டர் இந்த மிதப்பையும் மறக்காமல் கணக்கில் சேர்த்திருக்கும். வேகம் ஐந்து நாட் கூடுதலாக இருந்தால் மிதப்பு எவ்வளவு நீளும் என்று பாருங்கள். அளவான வேகத்தின் அருமை அப்போது விளங்கும்.

மிதப்பின் இறுதியில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய ஊதல் ஒன்று எழும். இறக்கை தன் தாங்கும் எல்லையை நெருங்குகிறது என்னும் எச்சரிக்கை அது. செஸ்னா 172-இல் இதற்கு மின்சாரம் தேவையில்லை: இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு துளை, காற்றழுத்தம் மாறும்போது அத்துளை வழியே காற்று உறிஞ்சப்பட்டு, உள்ளே இருக்கும் ரீடு அதிர்ந்து பாடுகிறது. ஆர்மோனியத்தில் இசை பிறக்கும் அதே வழி. வானத்தில் கேட்டால் கலங்க வேண்டிய ஒலி, தரைக்கு ஓரடி மேலே கேட்கும்போது பாராட்டாகிவிடுகிறது.

சிமுலேட்டரின் பிறப்பிலும் இசைக்கருவியின் மூச்சு இருக்கிறது. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் தந்தையின் பியானோ, ஆர்கன் ஆலையில் வளர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனின் காற்றுத் துருத்திகளைக் கொண்டு ஆடி அசையும் பயிற்சிப் பெட்டியை 1929-இல் உருவாக்கினார். இன்று பெரிய பயிற்சிக்கூடங்களில் விமானி அறையை ஆறு கால்கள் தாங்கி அசைக்கின்றனவே, அந்த அமைப்பின் முன்னோடிகளில் ஒன்று, டன்லப் நிறுவனத்தில் எரிக் காஃப் டயர்களைச் சோதிக்க 1950-களில் கட்டிய இயந்திரம். விமானப் பயிற்சிக்கு அத்தகைய மேடையை 1965-இல் ஸ்டூவர்ட் என்பவர் முன்மொழிந்தார். அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் சக்கரம் பூட்டி வண்டிகளை அனுப்பும் ஓசூரில் இருந்துகொண்டு, டயருக்குப் பிறந்த யோசனை விமானத்துக்குப் போன கதையை நினைப்பதில் ஒரு தனி மகிழ்ச்சி.

நம் மேசையில் ஆறு கால்களும் இல்லை, துருத்தியும் இல்லை. இருக்கை அசையாது, உடம்பு எதையும் சொல்லாது. ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங், வேகம் கூடினாலும் குறைந்தாலும் ஒரே கனம்தான். இந்த வறுமையே கண்ணையும் காதையும் எவ்வளவு கூர்மையாக்குகிறது! ஓடுபாதையின் ஓரங்கள் பக்கவாட்டில் அகலும் வேகத்தில் உயரத்தைப் படிக்கிறோம். காற்றின் ஓசை தணிவதில் வேகத்தைப் படிக்கிறோம். போதாக்குறைக்கு, முடிந்த தரையிறக்கத்தை மறுபடி ஓட்டி, வெளியே நின்று, சக்கரத்தின் உயரத்திலிருந்து பார்க்கும் வரம் வேறு. தன் சக்கரம் தரையைத் தொடும் அழகைத் தானே நின்று பார்க்க எந்த விமானிக்கு வாய்க்கும்?

அப்படிப் பார்க்கும்போது காற்று வலுத்த நாளைத் தேர்ந்தெடுங்கள். பருவக்காற்று எப்போதும் நேர் மேற்கிலிருந்து வராது. தென்மேற்கிலிருந்து சாய்ந்து வரும். அதற்கு ஈடாக இடது இறக்கையைச் சற்றுத் தாழ்த்தி, வலது ரடரை மிதித்து, மூக்கை ஓடுபாதைக்கு நேராக வைக்கிறோம். இடது சக்கரம் முதலில் தொடும். ஒரு மூச்சு விட்டு வலது சக்கரம். வெகு நேரம் கழித்து மூக்குச் சக்கரம். நிறைகுடத்தை இடுப்பிலிருந்து இறக்கும் பெண், குடத்தின் அடியை ஒருசேரத் தரையில் வைக்க மாட்டாள். ஒரு விளிம்பைத் தொடவிட்டு, பிறகு நிமிர்த்துவாள், தண்ணீர் அலம்பாது. ஒற்றைச் சக்கரத்தில் தொடங்கும் இந்த இறக்கத்துக்கும் அதே பதவிசு.

தொட்ட கணத்தைச் சிமுலேட்டர் ஓர் எண்ணாகவும் தரும். நிமிடத்துக்கு 60 அடி என்று வந்தால், அரை சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தானாக விழுந்த அதிர்ச்சிதான் அது. பெரிய பயணிகள் விமானத்தின் சக்கரத் தாங்கிகள் நிமிடத்துக்கு 600 அடி வரை பொறுக்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. ஏறக்குறைய அரை மீட்டர் வீழ்ச்சி. இரண்டுக்கும் நடுவே கையின் பக்குவங்கள் எத்தனையோ. ஆனாலும் அந்த எண் மட்டுமே அழகில்லை. ஈரமான ஓடுபாதையில் தேர்ந்த விமானிகள் சற்று அழுத்தமாகவே இறங்குவார்கள், நீர்ப்படலத்தைக் கிழித்துச் சக்கரம் தரையைப் பற்ற வேண்டும் என்று. குறித்த இடம், குறித்த வேகம், நேரான மூக்கு ஆகிய மூன்றும் கூடிவந்த மென்மையே முழு மென்மை.

இந்தத் தளத்துக்கு மெல்லிய சிறகுகளோடு பழைய உறவு உண்டு. 1994-இல் இத்தாலியின் பார்ட்டநேவியா நிறுவனத்தோடு சேர்ந்து சிறு விமானம் செய்யத் தொடங்கிய இடம் இது. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா என்னும் இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தையும் இங்கே கட்டினார்கள். கற்றுக்கொள்வோரின் கைக்கென்று பிறந்த விமானம் அது. கற்றுக்கொள்ள இந்த ஓடுபாதையைப் போல இடம்கொடுப்பது வேறு எது?

அந்த 7,000 அடியையும் ஒருமுறை முழுதாகப் பயன்படுத்திப் பாருங்கள். விமானப் பயிற்சியாளர்கள் மாணவருக்குத் தரும் பழைய பாடம் இது: ஓடுபாதைக்கு ஓரிரண்டு அடி மேலே, சக்கரம் தொடாமல், கோடி வரைக்கும் பறப்பது. விசையைக் கொஞ்சம் கொடுத்து, 65 நாட் வேகத்தைப் பிடித்துக்கொண்டு போனால், பெலகொண்டப்பள்ளி ஏறக்குறைய ஒரு நிமிடம் நீளும். வழக்கமாகச் சில விநாடிகளில் நழுவிப்போகும் அந்த மறுப்பின் அழகு, இங்கே அந்த நிமிடம் முழுதும் கையில் நிற்கும். மூக்கு எங்கே இருக்கிறது, ஓரங்கள் எப்படி ஓடுகின்றன, எவ்வளவு சிறிய அசைவு போதும் என்பதை நிதானமாகச் சுவைக்கலாம். கை அதில் ஊறிய பிறகு, அடுத்த சுற்றில் ஓடுபாதையின் தொடக்கத்திலேயே விசையைக் குறைத்துவிட்டு, அதே உயரத்தில் தாங்கிப் பிடித்திருங்கள். இறங்கும் வேலையை விமானம் பார்த்துக்கொள்ளும்.