தொக்கா, சம்பலா? கேமரன் மலையிலிருந்து ஒரு பதில்

"தோட்டத்து ஆக்கள் எல்லாத்தையும் எண்ணெயில போட்டுத்தான் முடிப்பியள், என்ன?" என்று சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே கேட்டார். கேமரன் மலையிலிருந்து நான் கொண்டுபோன மிளகாய்த் தொக்கு அவர் விரல் நுனியில் இருந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்று தலைமுறையாக வாழும் யாழ்ப்பாணக் குடும்பம் அது. பெண் கொடுத்த இடத்தில் வாயாடக் கூடாது என்று சும்மா வந்துவிட்டேன். எழுதக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

முதலில் அவர்கள் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் மிளகாய் என்றால் சம்பல். செத்தல் மிளகாயையும் உப்பையும் இடித்து, சின்ன வெங்காயமும் மாசியும் சேர்த்து நசுக்கி, கடைசியில் தேசிக்காய் பிழிந்தால் கட்டச் சம்பல். சிங்களவர்களின் லுணு மிரிஸும் ஏறக்குறைய இதுதான். பச்சை மிளகாயைத் தேங்காய்ப்பூவோடும் வெங்காயத்தோடும் அரைத்துப் புளி விட்டால், இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் வைக்கும் சம்பல். செத்தல் என்பது நம் வரமிளகாய், தேசிக்காய் என்பது எலுமிச்சை. அங்கே சில ஊர்களில் மிளகாயையே கொச்சிக்காய் என்கிறார்களாம். சிங்களத்தில் அம்மிக்கு மிரிஸ் கல, அதாவது மிளகாய்க் கல் என்று பெயர். எல்லாம் இடியிலும் அரைப்பிலும் முடிந்துவிடுகிறது, அடுப்புக்கு வேலையில்லை. காலையில் இடித்தது மாலைக்குள் தீர வேண்டும். நாக்கில் முதலில் புளிப்பு, அப்புறம் வெங்காயம், அதன் பின்னால் மிளகாய். நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை.

சீனிச் சம்பலை அடுப்பில் வதக்குகிறார்களே என்று கேட்பீர்கள். வதக்குகிறார்கள்தான். ஆனால் அதில் பெரிய பங்கு வெங்காயத்துக்கு, மிளகாய் துணைக்கு வந்தது. தென்னங்கள் வினாகிரியில் மிளகாயை ஊறப்போடுவதும் உண்டு. அது அச்சாறு, அந்தக் கணக்கே வேறு.

இனி நம் பக்கம். இந்தியாவில் பழுத்த மிளகாய் கைக்கு வந்தால் அதை நாள்பட வைப்பது எப்படி என்பதுதான் முதல் யோசனை. ஆந்திராவில் பண்டு மிரபகாய பச்சடிக்குப் பழத்தை உப்பும் புளியும் சேர்த்து ஜாடியில் அடைத்து, மூன்றாம் நாள் எடுத்து அரைப்பார்கள். கேரளத்தில் காந்தாரி மிளகாயை உப்பும் சின்ன வெங்காயமும் வைத்து உடைத்துத் தேங்காய் எண்ணெய் ஊற்றி, மரவள்ளிக் கிழங்குக்குத் தொட்டுக்கொள்வார்கள். அது பச்சைதான், ஆனாலும் எண்ணெய் இருக்கிறது பாருங்கள். தமிழ்நாட்டில் தொக்கு.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. ஒரு கிலோ பழுத்த மிளகாய்க்கு 100 கிராம் கல்லுப்பு, 150 கிராம் புளி, 300 மில்லி நல்லெண்ணெய். காம்போடுதான் கழுவ வேண்டும். காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் உள்ளே தண்ணீர் இறங்கும், தொக்கு பூத்துவிடும். துணியால் துடைத்து, அடுப்பங்கரையில் ஓர் இரவு விரித்துப் போட்டு, காலையில் காம்பு நீக்கி, உப்பும் புளியும் வைத்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்ததும் விழுதைக் கொட்டி, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் கால் மணி நேரம் வீடே கமறும், பிள்ளைகள் ஐந்தடிக்குப் போய்விடுவார்கள். (கடை வீடுகளின் முன்னால் ஓடும் நடைபாதையை நாங்கள் ஐந்தடி என்போம்.) விழுது சுருண்டு ஓரத்தில் எண்ணெய் கக்கும்போது வறுத்த வெந்தயப் பொடி, பெருங்காயம், ஒரு துண்டு குலா மெலாக்கா என்னும் தென்னஞ்சர்க்கரை. ஆறியதும் ஜாடி. மேலே விரற்கடை எண்ணெய் நின்றால் மாதக்கணக்கில் கெடாது. ஈரக் கரண்டி பட்டால் மட்டும் அதற்கு நான் பொறுப்பல்ல.

இதில் எண்ணெய் வீண் ஆடம்பரம் இல்லை. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அது அதிகம் இருப்பது விதையில் அல்ல, விதையைப் பிடித்திருக்கும் வெள்ளை நரம்பில். அரைத்து எண்ணெயில் கிண்டும்போது அந்தக் காரம் விழுது முழுக்கச் சமமாகப் பரவும். சம்பலில் அப்படியில்லை, ஒரு வாய் சாதுவாக இருக்கும், மறு வாய் சுள்ளென்று பிடிக்கும். அடுப்பில் போவது பச்சை வாடை, காரம் போகாது. வைட்டமின் சி பெரும்பகுதி போய்விடும், அந்த இடத்தில் தேசிக்காய் பிழிகிறவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் நாள்பட வைக்க உப்பும் புளியின் அமிலமும் தண்ணீர் வற்றுவதும் வேண்டும். புளியில்லாமல் பூண்டையும் மிளகாயையும் வெறும் எண்ணெயில் மூழ்கடித்து வெளியே வைப்பது ஆபத்து, எந்த நாட்டு வழக்கமானாலும்.

இந்த மலையில் தொக்கு ஏன் பொருந்துகிறது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ராமநாதபுரத்து முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. உருண்டையாக, தோல் தடித்து, சுட்டெரிக்கும் வெயிலில் காய்ந்து வருவது அது. அந்த வெயிலுக்கு நான் எங்கே போவேன்? தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர் உயரம். ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டரைத் தாண்டும். முற்றத்தில் மிளகாய் காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் இரண்டு முறை ஓடிவந்து அள்ள வேண்டும், மூன்றாம் நாள் பூஞ்சைதான் மிஞ்சும். ஆனால் பழம் மட்டும் தாராளம். ரிங்லெட், பெர்தாம் பக்கத்துப் பிளாஸ்டிக் கூரைத் தோட்டங்களில் கோணலும் கீறலுமாகக் கழித்த சிவப்பு மிளகாயைக் கேட்டால் மலிவாகவே தருவார்கள். வெயிலால் முடியாததை அடுப்பு முடித்துத் தருகிறது. இந்த மலைக் குளிரில் சம்பலும் மறுநாள் வரை தாங்கும் என்பது உண்மை. மூன்றாம் நாளைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

செத்தல் விஷயத்தில் யாழ்ப்பாணத்தாருக்குப் பெருமைப்பட இடமுண்டு. 1970 முதல் 1977 வரை இலங்கைப் பிரதமர் சிறிமாவோவின் அரசு இறக்குமதியை இறுக்கியபோது, மிளகாயும் வெங்காயமும் போட்ட யாழ்ப்பாணத்து விவசாயி தலை நிமிர்ந்து நடந்தார் என்பார்கள். சம்பந்தி வீட்டில் இதைக் கேட்காமல் ஒரு தீபாவளியும் போவதில்லை. இன்றைக்கு இலங்கைக்கு வேண்டிய காய்ந்த மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கப்பலேறுகிறது என்பதையும் அடுத்த தீபாவளிக்குச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

நீலகிரிக்குப் போனபோதுதான் என் கணக்கு கொஞ்சம் குழம்பியது. 1964இன் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரி பக்கம் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலை போட்டது. அந்த வீடுகளில் தடித்த ரொட்டி சுட்டு, அம்மியில் சம்பல் நசுக்கி வைத்தார்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் ஊர் புதுக்கோட்டை, திருச்சி, சேலம். என் பாட்டனும் ஆத்தூர்ப் பக்கம்தான், அதே மாதிரி கங்காணி பிடித்துக் கப்பலேற்றிய கூட்டம். அவர்கள் கொழும்புக்குப் போனார்கள், நாங்கள் பினாங்குக்கு வந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனாலும் நீலகிரியில் அவர்களுக்கு 'சிலோன்காரர்' என்று பெயர். எங்கள் ஊரில் சிலோன்காரர் என்றால் ஆங்கிலம் படித்து ரயில்வேக்கும் அலுவலகத்துக்கும் தோட்டத்துக் கிராணி வேலைக்கும் வந்த யாழ்ப்பாணத்தார். கொழுந்து பறித்தவரும் கணக்கு எழுதியவரும் ஒரே சம்பலைத் தின்கிறார்கள் என்றால், தோட்டத்து ஆளுக்குச் சம்பல் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்தும் தொக்கு வைக்கிறோம்.

நன்றி சொல்ல வேண்டியதற்கும் சொல்கிறேன். இந்த மலைக்குத் தேயிலை வந்த கதையிலும் இலங்கை உண்டு. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, கூடச் சேர்ந்தவர் இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ.பி. மில்ன். எங்கள் தோட்டங்கள் அந்த அனுபவத்தின் மேல்தான் எழுந்தன. மிளகாயும் யாருடைய பூர்வீகச் சொத்தும் அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக நம் கரைகளுக்கு வந்தது அது. சம்பல் என்ற பெயரே மலாய்க்காரரிடமிருந்து இலங்கைக்குப் போனது என்கிறார்கள். அப்படியானால் பெலாச்சான் (இறால் கட்டி) இடித்து லீமாவ் கஸ்தூரி (சிறு எலுமிச்சை) பிழியும் எங்கள் பக்கத்து வீட்டு மலாய் அத்தை மாக்சிக்கே அது பற்றிப் பேச முதல் உரிமை.

ஆத்தூரிலும் ஒரு வார்த்தை வாங்கினேன், மறைக்கவில்லை. உறவுக்காரர் வீட்டுக்கு ஒரு ஜாடி கொண்டுபோனபோது, "இது நம்ம தொக்கு இல்ல அத்தை, மலேயாத் தொக்கு. வெல்லத்துக்குப் பதிலா வேற என்னமோ போட்டிருக்கீங்க" என்றாள் அந்த வீட்டு மருமகள். அவர்கள் வீட்டில் கடை ஜாடிதான் இருந்தது. வெயிலும் மிளகாயும் வாசலிலேயே கிடந்தும் தொக்கு வைக்காதவர்கள், வெயில் இல்லாத மலையில் வைக்கிறவளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். குலா மெலாக்கா பனைவெல்லம் மாதிரிதான் கரைகிறது, அது மாதிரிதான் மணக்கிறது. பேரை அவர்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. வீட்டில் ஆள் நிறைய, மிளகாய் கொஞ்சம், இன்றைக்கே தீர்ந்துவிடும் என்றால் சம்பல் இடியுங்கள், அதைப் போல வேறில்லை. மிளகாய் நிறைய, ஆள் குறைவு, பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் என்றால் தொக்கு. தோட்டத்து வரிசை வீடுகளில் இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும்தான் அதிகம். எங்கள் பிள்ளைகள் மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். அவர்களுக்குப் பேருந்தில் கொடுத்தனுப்பினால் சிந்தாமல், புளிக்காமல், ஊசிப்போகாமல் போய்ச் சேர்வது எது? அந்த ஒரு கேள்விக்கு இலங்கையிலிருந்து யாராவது சரியான பதில் சொல்லட்டும், மறுநாளே எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைக்கிறேன்.