கடைசி மரம்

கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர் மரங்களை எண்ணிக்கொண்டு நடப்பதில்லை. காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து, பட்டையில் சாய்வாக ஒரு வெட்டு, சிரட்டையைச் சரியாக வைத்தல், அடுத்த மரம். நிரையின் கடைசி மரம் வந்தால் முடிந்தது.

நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் நல்ல கம்பைலர் செய்வதும் இதுதான். நூறு எண்கள் கொண்ட வரிசையைக் கூட்ட, 'ஐ' என்றொரு மாறியை 0 முதல் 99 வரை ஓட்டுகிறோம். ஓர் எண்ணுக்கு 4 பைட் என்றால், ஒவ்வொரு சுற்றிலும் 'ஐ'யை 4ஆல் பெருக்கித் தொடக்க முகவரியோடு கூட்ட வேண்டும். கம்பைலர் பெருக்கலை விட்டுவிட்டு முகவரியையே நான்கு நான்காக நகர்த்துகிறது. பிறகு 'ஐ'க்கு மிஞ்சுவது ஒரே வேலை: எங்கே நிற்பது என்று சொல்வது. அதையும் முகவரியே பார்த்துக்கொள்கிறது. 400 பைட் தள்ளிப் போனதும் நின்றுவிடும். 'ஐ' மறைகிறது, அதை வைத்திருக்க வேண்டிய ஒரு ரெஜிஸ்டர் (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) மிச்சம். விடை மட்டும் இம்மியும் மாறாது. எனக்கு இதில் பிடித்ததே அந்த நாணயம்தான்.

இத்தகைய மாற்றங்களுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் ஐபிஎம்மின் பிரான்சஸ் ஆலன். 2006ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது; அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவரே.