ஆண்டுக்கு நாற்பது பவுன்

ஜேன் ஆஸ்டின் எழுதி 1813ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்னும் நாவலைக் காதற்கதையாகவே பலரும் படித்து மகிழ்கின்றனர். செருக்குடைய செல்வர் டார்சியும், பிறரை விரைந்து எடைபோட்டுவிடும் எலிசபெத்தும் தத்தம் குறையுணர்ந்து மணம் புரிகின்றனர். ஆகவே காதல் அந்தஸ்தை வென்றது என்பர். நமக்கு அம்முடிபு முழுமையானதாகத் தோன்றவில்லை.

டார்சிக்கு ஆண்டு வருமானம் 10,000 பவுன். எலிசபெத்தின் தந்தைக்கோ 2,000 பவுன்; அந்த நிலமும் ஆண் வாரிசுக்கே உரியது. அவருக்குப் பிறந்த ஐவரும் பெண்கள். அவர் கண்ணை மூடினால் எல்லாம் உறவினர் காலின்ஸைச் சேரும். எலிசபெத்துக்கென இருப்பது, தாயின் காலத்திற்குப் பின் கிடைக்கும் 1,000 பவுன் மட்டுமே. நூற்றுக்கு நான்கு வட்டியில் அது ஆண்டுக்கு 40 பவுன். இதை அவளுக்கு நினைவூட்டுபவர் யார்? அவளை மணக்கக் கேட்டு நிற்கும் காலின்ஸேதான்!

எலிசபெத் மறுக்கிறாள். மூன்று நாட்களுக்குள் அதே காலின்ஸ் அவளுடைய தோழி ஷார்லட்டைக் கேட்க, இருபத்தேழு வயதான அவள் இசைகிறாள். காதலுக்காக அன்று, தனக்கென ஒரு வீடு வேண்டும் என்பதற்காக. எலிசபெத் அதிர்ச்சியுறுகிறாள். ஆனால் ஆசிரியை ஷார்லட்டைத் தண்டிக்கவில்லை. கணவன் அடிக்கடி வந்து அமராதபடி, வீட்டின் பின்புறத்து அறையைத் தன் இருப்பிடமாக அவள் அமைத்துக்கொண்டதை மட்டும் காட்டி நகர்கிறார். ஓர் அறையின் திசையிலேயே ஓர் இல்லறத்தின் நிலை விளங்கிவிடுகிறது. இந்நூலின் உச்சம் இதுவே என்போம்.

அந்தஸ்து பற்றிய பகுதியோ அரைகுறையானது. வணிகரான எலிசபெத்தின் மாமனை எள்ளி நகையாடும் பிங்லி சகோதரிகளின் செல்வமும் வணிகத்தில் வந்ததே. இந்த அங்கதம் கூர்மையானது. ஆனால் டார்சியின் தாயுடன் பிறந்தவரான லேடி கேத்தரின் சீறிவரும்போது, டார்சி ஒரு கனவான், தானும் ஒரு கனவானின் மகள், எனவே இருவரும் சமமே என்கிறாள் எலிசபெத். வேலி தவறு என்று அவள் கூறவில்லை. தானும் வேலிக்குள்ளேயே இருப்பதாகக் கூறுகிறாள். வணிகரின் மகளாய் இருந்திருப்பின் என்ன விடை தந்திருப்பாள்? நாவல் அதைக் கேட்கவில்லை. எனினும் அந்த வணிக மாமனையும் மாமியையும் பண்பிற் சிறந்தோராய்ப் படைத்து, இறுதியில் டார்சியின் மாளிகையிலேயே உறவாட வைத்ததைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆசிரியையும் 1802இல் வசதிமிக்க ஒருவரை மணக்க இசைந்து, மறுநாட் காலையே மறுத்தவர். இறுதிவரை மணம் புரியாதவர். எலிசபெத்தின் துணிவையும் ஷார்லட்டின் அச்சத்தையும் ஒரே இரவில் அறிந்தவர் என்றே நாம் எண்ணுகிறோம். டார்சி மீண்டு வராதிருந்தால் எலிசபெத்துக்கு எஞ்சியிருப்பது அந்த நாற்பது பவுனே. ஆதலால் எலிசபெத்தைப் போற்றுவோர், ஷார்லட்டின் பின்னறை வாயிலிலும் சற்றே நின்று சிந்திப்பாராக.